எழுபத்திரண்டு காட்டுதே!

கலாவதி "குளுருதுங்க" என்று சொன்னாலே கிட்டுசாமிக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். கல்யாணமான நாளிலிருந்து பாதிக் காலம் ஆளுக்கொரு கண்டத்தில் குடித்தனம் நடத்தியவர்கள் அவர்கள். கோபிசெட்டிபாளையத்தில் அவளுக்கு டீச்சர் வேலை, மகனின் படிப்பு. அமெரிக்காவில், பார்சிப்பனியில் இவருக்கு ஆபீஸ். மகன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவள் நீண்ட விடுப்பு எடுத்து வந்தாள்.

"ஒரு குளிர்காலம் இருந்து பாக்கறேனுங்க. ஒத்துக்கிட்டா இருந்துக்கறேன். இல்லாட்டி தை பொறந்ததும் கெளம்பிர்றேன்" என்பது பேச்சு. தை மாதத்துக்கு ரிட்டர்ன் டிக்கெட்டும் தயாராக இருந்தது.

அந்த டிக்கெட்டைத் தோற்கடித்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார் மனிதர். ஹாலில் பெல்லட் அடுப்பு ஒன்றை வாங்கி வைத்தார். மரத்தூளை இறுக்கிச் செய்த, மாட்டுத் தீவனம் மாதிரியான துண்டுகளை மேலே கொட்டிவிட்டால், கொஞ்சம் கொஞ்சமாக அதுவே எடுத்து எரித்துக்கொள்ளும். ஆனால் சூட்டை அளக்கும் கருவி அதன் முதுகிலேயே இருந்தது. தன்னைச் சுற்றிக் கதகதப்பானதும், வேலை முடிந்ததென்று அணைந்துவிடும். ஹாலின் மறுகோடியில் கலாவதி சால்வைக்குள் சுருண்டிருப்பாள். இப்படியொரு சுயநல அடுப்பை அவர் எங்கும் கண்டதில்லை.

சும்மா விடுவாரா? அறையின் சூட்டை அளந்து அடுப்பை இயக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றைத் தனியாக வாங்கினார். ஒரு சனிக்கிழமை காலை அடுப்பின் பின்னாலிருந்து சுவரோரமாக ஒயரை இழுத்துக்கொண்டு போய், அவள் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில், சாமி படம் வைத்திருந்த பலகைக்கு நேர்மேலே அந்த வெள்ளைப் பெட்டியைத் திருகினார். அங்கே சூடு எழுபது டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அடுப்பு நிற்கும்படி வைத்தார்.

"இனிமே இது அடுப்புக்குச் சூடா இருக்கான்னு பாக்காது கலா. உனக்குச் சூடா இருக்கான்னு பாத்துத்தான் எரியும்" என்றார். பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலமே ஆபீஸுக்கு போன் வந்தது. "ஏனுங்க, அடுப்பு நின்னுபோச்சுங்க. வீடே ஜில்லுனு கெடக்குது."

"செவுத்துல என்ன நம்பர் காட்டுது?"

"எழுபத்திரண்டுங்க."

"எழுபத்திரண்டு காட்டுதே! அப்புறம் எப்படிக் குளுரும்? ஊர்லருந்து வந்த ஒடம்பு, பழகிக்கும் விடு."

அவர் வீட்டுக்கு வந்த சற்று நேரத்துக்கெல்லாம் அடுப்பு ஜம்மென்று எரிந்தது. இரண்டு தடவை இதே கதை நடந்த பிறகு கலாவதி சொல்வதை விட்டுவிட்டாள். நம்பரோடு யார் மல்லுக்கு நிற்பது? ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டே, "தை டிக்கெட்டு எந்தத் தேதிக்குங்க?" என்று மட்டும் கேட்டாள். அன்று கிட்டுசாமிக்குத் தோசை இறங்கவில்லை.

மார்கழியில் ஒருநாள், பனிப்புயல் வருகிறதென்று ஆபீஸிலிருந்து எல்லோரையும் முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள். ஹைவேயில் ஊர்ந்து வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டிருந்தது. கராஜின் வாசலைப் பனி அடைத்திருந்ததால் காரைத் தெருவிலேயே விட்டு, முன்கதவைத் திறந்தார். உள்ளே குளிர் முகத்தில் அறைந்தது. அடுப்பு செத்துக் கிடந்தது. புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, தலையில் அவருடைய பழைய குல்லா என்று கலாவதி நாற்காலியில் ஒடுங்கியிருந்தாள். பக்கத்துப் பலகையில் காமாட்சி விளக்கு நின்று எரிந்தது. அதற்கு நேர்மேலே வெள்ளைப் பெட்டி எழுபத்துநாலு காட்டிக்கொண்டிருந்தது.

கிட்டுசாமி போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். அந்த ஒரு சாண் இடம் மட்டும் வெதுவெதுவென்று இருந்தது.

"வெளக்கு எப்பருந்து எரியுது?"

"இருட்டுனதும் வெச்சதுங்க. இங்கதான் நாலரைக்கெல்லாம் இருட்டிருதே."

"சனி ஞாயிறுல கும்பிட்ட கையோட மலையேத்திருவியே?"

"அன்னிக்கு நீங்க வீட்ல இருக்கறீங்கல்லங்க." அவள் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "மத்த நாளெல்லாம் இந்த ரோட்டுல தனியா வண்டி ஓட்டிக்கிட்டு வர்றீங்க. வந்து சேர்ற வரைக்கும் எரியட்டும்னு விட்டுருவேன். கராஜ் கதவு சத்தம் கேட்டதும் மலையேத்திருவேனுங்க."

கிட்டுசாமிக்கு இப்போது புரிந்தது. இவருக்காக ஏற்றிய விளக்கு அடுப்பை நிறுத்தியிருக்கிறது. அந்தக் குளிரில் இவருக்காகவே அவள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். இவரோ பழகிக்கும் விடு என்று சொல்லியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. அதைவிட, இத்தனை வருஷம் இவளை விட்டுவிட்டு எப்படி இருந்தோம் என்று இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அவள் பதறி எழுந்தாள். "அட கடவுளே, வெளக்கை வேற பக்கம் வெச்சுக்கறேனுங்க."

"வெளக்கு அங்கதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஒயரை அளந்து வெட்டியிருந்ததால் எதிர்ச் சுவருக்கு எட்டவில்லை. விளக்கின் சூடு படாத பக்கமாக, அவள் நாற்காலியின் கைப்பிடியிலேயே பெட்டியை வைத்துக் கட்டினார். பார்க்கச் சகிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுப்புக்குள் துண்டுகள் கடகடவென்று விழுந்து தீ பிடித்தது.

"இனிமே நீ குளுருதுன்னா குளுருதுதான். நம்பரைக் கேக்க மாட்டேன்."

கலாவதி கைகளை அனலுக்கு நேரே நீட்டிக்கொண்டாள்.

"ஏனுங்க, மாசியிலயும் நீங்க வர்றப்ப இருட்டாத்தான் இருக்குமுங்களா?"

"இருக்கும். பங்குனி பொறக்கற வரைக்கும் அப்படித்தான்."

"அப்ப அந்த டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுருங்க" என்றாள் கலாவதி. "இருட்டுல வர்றீங்க. வெளக்கு வெக்க ஆள் வேணுமல்ல."