றிஷாட்டின் கடையில் நண்டுக்கறி

இந்தப் பெருநாளுக்கு எனக்கு உடுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அலுமாரியில் கிடப்பதே போதும்.

"பிறகு என்ன வேணும்?" என்று கேட்டார் என் மனுசன் சனூன்.

"ஒரு சாப்பாட்டுக்கடைக்குப் போய்க் கதிரையில இருக்கவேணும். ஆராவது கொண்டுவந்து வைக்கவேணும். நான் சுடச்சுடச் சாப்பிடவேணும்."

மனுசன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிற ஆள் நான்தான். அவருக்கு, பிள்ளைகளுக்கு, வந்தவர் போனவருக்கு எல்லாம் போட்டு முடித்துவிட்டு நான் உட்காரும்போது சோறு ஆறிப்போயிருக்கும். யாரும் என்னைப் பிடித்துவைத்து அப்படிச் செய்யவில்லை. பழகிப்போய்விட்டது. அதற்காக ஒரு நாள்கூட மாறக்கூடாதா?

எங்கே போவது என்று யோசிக்கத் தேவையில்லை. தலைமன்னார்க் கடற்கரையில் இப்போது எங்கு பார்த்தாலும் வெள்ளைக்காரர். பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிறார்கள், விழுகிறார்கள், எழும்பி மறுபடியும் சறுக்குகிறார்கள். பசிக்காமல் என்ன செய்யும்? அவர்களை நம்பி என் கூடப்பிறந்த நானாவின் மகன் றிஷாட் கிடுகுக் கூரை போட்டு ஒரு கடை நடத்துகிறான். சனூன் பிடிக்கிற நண்டில் பெரியதெல்லாம் அங்கேதான் போகும். கால் முறிந்தது வீட்டுக்கு வரும்.

பெருநாள் கழிந்த ஞாயிறு பின்னேரம், அலுமாரியில் கிடந்த நல்ல அபாயா, அத்தர் எல்லாம் போட்டுக்கொண்டு சனூனோடு போனேன். கடலைப் பார்த்த மேசை ஒன்றில் றிஷாட் எங்களை இருத்தினான். பக்கத்து மேசையில் யாரோ தண்ணீரைச் சிந்தியிருந்தார்கள். துடைக்கக் கை தானாகப் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"சோறும் நண்டுக்கறியும்," என்றேன், ராணி மாதிரி.

உள்ளே போன றிஷாட் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தான். சமையற்காரன் காய்ச்சலென்று படுத்துவிட்டானாம். அந்தப் பக்கம் வெள்ளைக்காரர் கூட்டம் ஒன்று நண்டுக்கறி கேட்டுக் காத்திருக்கிறதாம்.

"மாமி, உங்கட கைப்பக்குவம் ஊருக்கே தெரியும். ஒரே ஒரு சட்டி. கொஞ்சம் உள்ளுக்கு வந்து..."

நான் வாய் திறக்கமுதல், "ஓம், அதுக்கென்ன, வருவா," என்றார் என் மனுசன்.

இவருக்கு 'இல்லை' என்ற சொல்லே வராது. ஆர் எதைக் கேட்டாலும் ஓம்தான். ஓம் சொல்வது அவர், வேலை செய்வது நான். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

"நான் எழும்பமாட்டன். நீங்கதானே ஓம் எண்டு சொன்னனீங்க? நீங்களே போய்ச் சமையுங்கோ."

ரோசத்தில் சொன்னதுதான். வீட்டில் தேத்தண்ணி போடச் சொன்னால் சீனிப் போத்தல் எங்கே என்று கேட்கிற மனுசன் அவர். கெஞ்சுவார் என்று பார்த்தேன். அவரோ என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், சேட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"வாடா றிஷாட், சட்டியைக் காட்டு."

நான் தனியே இருந்தேன். பெடியன்ர பிழைப்பில் மண் விழப்போகிறது என்று மனம் அடித்துக்கொண்டது. பாதி எழும்பிவிட்டேன். இப்போது எழும்பினால் இனி எந்தப் பெருநாளுக்கும் இந்தக் கதிரை எனக்குக் கிடைக்காது என்று தோன்றியது. கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கொஞ்சநேரத்தில் உள்ளேயிருந்து தேங்காய்ப்பாலும் முருங்கையிலையும் கலந்து ஒரு வாசம் வந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

சனூன் வெளியே வந்தார். முகமெல்லாம் வியர்வை. காத்திருந்த வெள்ளைக்காரரைத் தாண்டி, முதல் தட்டை என் முன்னால் வைத்தார். ஒரு கால்கூட முறியாத முழு நண்டு.

"ஆறப்போகுது. சாப்பிடு," என்றார்.

இந்தச் சொல்லை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! எனக்கு ஒருவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். குனிந்து சோற்றைப் பிசைந்தேன். விரல் சுட்டது. சுடட்டும் என்று விட்டேன்.

வாயில் வைத்தால், புளியும் உறைப்பும் அளந்து போட்டதுபோல் இருந்தது. சொல்ல மனமில்லை, ஆனால் என் கறியைவிட நல்ல கறி.

"இதை எங்க பழகினீங்க?"

"வாடியில. சீசனுக்கு முசலிக் கரையில கொட்டில் போட்டுத் தங்கேக்க, நாங்கதானே மாறி மாறிச் சமைக்கிறது. என்ர முறை எண்டால் பெடியள் சட்டியையே வழிச்சிருவாங்கள்," என்றார் பெருமையாக. சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னார் என்பது அவருக்கு உறைத்தது. பெருமை முகத்தைவிட்டு இறங்கியது.

இத்தனை வருசம்! சீசனுக்குச் சீசன் ஊர்ப் பெடியளுக்கெல்லாம் இந்தக் கறி. எனக்கு மட்டும் 'சீனிப் போத்தல் எங்கே' என்ற கேள்வி. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. நண்டுக்காலை வாயில் வைத்துப் படாரென்று உடைத்தேன். பக்கத்து மேசை வெள்ளைக்காரி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"நாளைக்கு வீட்டிலயும் நீங்கதான் சமைக்கிறீங்க," என்றேன். "கால் முறியாததாப் பார்த்துக் கொண்டு வாங்கோ."

பாவம், அவருக்குத்தான் இல்லை என்ற சொல்லே வராதே.

"ஓம்," என்றார்.