நாலு பத்துக்கு ஒரு புக்கிங்

டயர் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் அண்ணியும் நாத்தனாரும் வலைத்தளங்கள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணிக்கு உயிர் பி.எச்.பி. நாத்தனாருக்குப் பைத்தான். சமையலறைக்காக ஒருநாளும் முகம் சுளிக்காதவர்கள், இந்த இரண்டு கணினி மொழிகளுக்காகச் சாப்பாடு ஆறிப்போகும் வரை மல்லுக்கு நிற்பார்கள்.

“எந்த ஓட்டை சர்வர்ல போட்டாலும் எழுந்து ஓடும்டி என் பி.எச்.பி.,” என்பாள் அண்ணி.

“ஓடும் அண்ணி. எங்க ஓடுதுன்னுதான் அதுக்கே தெரியாது. பைத்தான்ல எழுதினதை ஆறு மாசம் கழிச்சுப் படிச்சாலும் புரியும்.”

நாத்தனாரை வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ கதவு உயரம்.

ஒரு திங்கட்கிழமை கண் டாக்டர் போன் செய்தார். அவருடைய புக்கிங் பக்கம் அண்ணி எழுதியது. ஒரு வாரமாகத் தினமும் காலையில், அன்று மாலை நாலு பத்துக்கு என்று ஒரு புக்கிங் விழுகிறதாம். பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அந்த நேரத்துக்கு யாரும் வருவதுமில்லை.

சுண்டு பிடித்துக்கொண்டாள். “காலியா விட்ட பேரையும் பூஜ்ஜியத்தையும் ஒண்ணா நினைக்கிற பழைய பி.எச்.பி. கோடு அண்ணி அது. உள்ள விட்டுடுச்சு.”

அண்ணி காதெல்லாம் சிவக்க, பெயர் இல்லாமல் எதுவும் நுழையாதபடி அடைத்தாள். மறுநாளும் நாலு பத்து விழுந்தது.

சுண்டு ஒன்பது நாள் உட்கார்ந்து முழுவதையும் பைத்தானில் புதிதாக எழுதினாள். புது சர்வர். பழையதை நிறுத்தியாயிற்று. அண்ணி குற்றம் கண்டுபிடிக்கவே வரி வரியாகப் படித்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் எழுதியிருக்க,” என்றாள், மருந்து குடிப்பவள் போல.

மறுநாள் காலை பெயரில்லாமல் அதே நாலு பத்து. சர்வரின் பதிவைத் தோண்டினார்கள். புக்கிங் விழுந்த நேரத்தில் பக்கத்தை யாரும் திறக்கவே இல்லை.

“இப்ப யாரைடி குத்தம் சொல்றது?” என்று அண்ணி கேட்டாள். அதில் கேலி இல்லை.

வலைத்தளத்தை நிறுத்திவிட்டு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டாம் நாள் டாக்டரின் வரவேற்பறைப் பெண் கூப்பிட்டாள். “நாலு பத்துன்னு நோட்ல இருக்குங்க. என் கையெழுத்துதான். ஆனா சத்தியமா நான் எழுதல.”

அன்று மாலை இருவரும் நேரில் போனார்கள். டாக்டர், “டைம் கேட்டிருக்காங்க, குடுத்துப் பாப்போம்,” என்று நாலு பத்துக்கு வேறு யாரையும் அழைக்கவில்லை. கண்ணின் பவர் பார்க்கும் மெஷினுக்கு முன்னால் நாற்காலி காலியாக இருந்தது. மோவாயை வைக்கும் மெத்தை மெல்ல அமுங்கியது. மெஷின் ஒருமுறை கீச்சிட்டது. வலப்பக்கம் நகர்ந்தது, இடப்பக்கம் நகர்ந்தது, ஒரு சீட்டைத் துப்பியது.

டாக்டர் அதைப் படித்தார். பழக்கதோஷத்தில் நாற்காலியைப் பார்த்து, “இடது கண்ணு ரொம்ப மோசம். இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சீங்க?” என்றார். பிறகுதான் அவருக்கு வியர்த்தது. அண்ணியின் நகங்கள் சுண்டுவின் மணிக்கட்டில் பதிந்திருந்தன.

சீட்டில் இருந்த பவருக்கு அவர் கண்ணாடி செய்வித்தார். நான்காம் நாள் நாலு பத்துக்கு அதை நாற்காலியில் வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தபோது கண்ணாடி இல்லை. அந்த அறைக்கு ஜன்னலும் இல்லை.

மறுநாள் முதல் அந்தப் புக்கிங் வரவில்லை.

வலைத்தளத்தை மறுபடி ஏற்ற வேண்டும். “உன்னோடதையே போடு,” என்றாள் அண்ணி. “வேணாம் அண்ணி, உங்களோடதே இருக்கட்டும்,” என்றாள் சுண்டு. ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்தார்கள். கடைசியில் பைத்தான்தான் ஏறியது, சண்டையே இல்லாமல்.

இரண்டு வாரம் கழித்து, நடுப்பகலில், அவர்களுடைய சொந்தப் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் பெயர் காலி.

‘இப்போது நன்றாகத் தெரிகிறீர்கள், இரண்டு பேரும்.’

அண்ணி எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். சுண்டு நாற்காலியை விட்டு அசையவில்லை.

“அண்ணி,” என்றாள் மெதுவாக, “அது வெளியதான் நிக்குதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?”