மூன்றாம் வகுப்புத் தாய்மார்கள்

உம்மு சுலாஃப் தரவேண்டிய பாக்கி நாலு தினார் எழுபத்தைந்து குருஷ். மூன்றாம் வகுப்புத் தாய்மார்களின் வாட்ஸாப் குழுவில் அந்தத் தொகை வந்து விழுந்தபோது, நான் வெள்ளரி வளர்க்கும் வலைக் கூடாரத்துக்குள் குந்தி உட்கார்ந்து சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை வாயால் ஊதி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆண்டு முடிவு விழாவுக்குக் கேக், தோளில் போடும் பட்டை, தண்ணீர், பந்தல், எல்லாம் சேர்த்துப் பிள்ளைக்கு அவ்வளவு. மற்ற தாய்மார்கள் கொடுத்துவிட்டார்கள். உம்மு சுலாஃப் மட்டும்தான் பாக்கி.

உம்மு சுலாஃப் என்றால் நான்தான்.

எங்கள் ஊரில் தாயை உம்மு என்றும் தகப்பனை அபூ என்றும் பிள்ளையின் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். என் மகள் சுலாஃபின் அம்மா நுவைர் இறந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. அவளுடைய கைபேசி என்னிடம் இருக்கிறது. அதே எண், குழுவில் அதே பெயர். பெண்பிள்ளைகள் பள்ளி, தாய்மார்கள் குழு. ஆம்பளைக்கு அங்கே இடமில்லை. ஆனால் நான் விலகிக்கொண்டால், பரீட்சை என்றைக்கு, பிள்ளை என்ன கொண்டுபோக வேண்டும் என்றெல்லாம் எனக்கு யார் சொல்வார்கள்? அந்தத் தாய்மார்களில் பாதிப்பேர் நுவைரின் துக்கத்துக்கு வந்து எங்கள் வீட்டில் கசப்புக் காப்பி குடித்தவர்கள். தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒருவரும் அந்த எண்ணை நீக்கவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை. நான் உம்மு சுலாஃபாகவே இருந்துகொண்டேன்.

அவர்கள் எல்லோரும் குரலில்தான் செய்தி அனுப்புவார்கள். பின்னால் கோழி கத்தும், எண்ணெய் பொரியும், பிள்ளை அழும். என்னால் குரல் அனுப்ப முடியுமா? எழுதத்தான் வேண்டும். அதற்காகத்தான் நாற்பத்தோரு வயதில் பள்ளிவாசல் பக்கத்து முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இப்போதும் ஒரு வரி எழுத ஒரு பாத்திக்குத் தண்ணீர் பாயும் நேரம் ஆகும்.

உம்மு ஹத்தாப் தான் வகுப்புக் காசு வைத்திருப்பவர். டிராக்டர்காரர் மனைவி. நாக்கில் மிளகாய்.

“உம்மு சுலாஃப், கண்ணு, கேக்குக்காரன் என் கழுத்தைப் புடிக்கிறான். நீ எழுதுற அழகைப் பாத்தா மந்திரி வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கு. காசு மட்டும் கைய விட்டு வர மாட்டேங்குதே!”

எங்கள் முதலாளி அபூ மித்இப் சீசன் முடிந்து கணக்குத் தீர்த்தால்தான் கூலி கொடுப்பார். அதுவரை மாவும் எண்ணெயும் கடையில் அவர் பேரில் ஓடும். அந்தக் கணக்கில் கடைக்காரர் கேக்குக்குக் காசு தருவாரா? ‘சீசன் முடிந்ததும் தருகிறேன், இறைவன் உங்களுக்கு ஆரோக்கியம் தரட்டும்’ என்று எழுதி அனுப்பினேன்.

“ஆமீன். கேக்குக்காரனுக்கும் தரட்டும்” என்றது குரல்.

ஜூன் மாதத்தில் எங்கள் கோர் பள்ளத்தாக்கு மூடி போட்ட பானை. நடுப்பகலில் வேலை ஓடாது. கூடாரத்துக்குள் வலையின் நிழலில், ஈரப் பாத்திக்கு ஓரமாகப் படுத்து, வகுப்பாசிரியை மிஸ் ரவந்த் அனுப்பிய செய்தியை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். புத்தகங்களைத் திருப்பித் தரவும். பக்கங்களில் பென்சில் கோடு இருந்தால் அழித்துத் தரவும். அலமாரியில் கிடப்பவை: ஒரு கம்பளிச் சட்டை, இடது கால் செருப்பு ஒன்று, மூக்குக் கண்ணாடிப் பெட்டி, உரியவர் எடுத்துக்கொள்ளவும். வகுப்பு ஆமையைக் கோடையில் வைத்துக்கொள்ள யார் தயார்?

எழுத்துகள் வலப்பக்கமிருந்து எறும்பாக ஊர்ந்து இடப்பக்கம் போய் மறைந்தன. கண் சொருகியது. அப்புறம் வாசித்தது நான் இல்லை, நுவைர். முன்பெல்லாம் அவள்தான் மாவு பிசைந்தபடி செய்திகளை எனக்குப் படித்துக் காட்டுவாள். இப்போது வெள்ளரிக் கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தாள். கம்பளிச் சட்டை கொடியில் காய்த்துத் தொங்கியது. ஆமை குழாயின் மேல் மெல்ல நடந்தது, அது கால் வைத்த இடத்திலெல்லாம் தண்ணீர் சொட்டியது. “கடைசி வரியப் படிக்கலையே நீங்க” என்றாள். படிக்கிறேன் என்று சொல்ல வாய் திறந்தேன், விழித்துக்கொண்டேன்.

கடைசி வரி இதுதான்: வியாழக்கிழமை காலை விழா. ஒவ்வொரு மாணவியும் சான்றிதழ் வாங்கியபின் தன் தாய்க்கு ஒரு பூ கொடுப்பாள். தாய்மார்கள் தவறாமல் வரவும்.

வீட்டுக்குப் போனபோது சுலாஃப் வாசலில் ஆட்டுக்கு முன்னால் நின்று எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

“யாபா, வியாழக்கிழமை எனக்கு வயித்து வலி.”

“இன்னைக்குத் திங்கள்தானே?”

“வரப்போவுது.”

“பூவுக்காகவா?”

அவள் ஆட்டின் காதைத் திருகினாள். “மிஸ் கிட்டக் குடுக்கலாம்னு மிஸ்ஸே சொன்னாங்க. எல்லாரும் அம்மாகிட்டக் குடுக்கையில நான் மட்டும் மிஸ் கிட்டப் போகணுமா? போ யாபா.”

என் தங்கை தூரத்தில், கெரக் ஊரில் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். வேறு பெண் யாருமில்லை. நான் போனால் வாசல் கேட்டோடு சரி. காவல்காரர் நல்லவர்தான், ஆனால் ஆண்களைக் கேட்டுக்கு அந்தப் பக்கம் விடமாட்டார். என் பெண்ணின் பள்ளியில் வேறு எவனாவது நுழைந்தால் நானும்தான் சண்டைக்குப் போவேன்.

செவ்வாய்க்கிழமை உம்மு ஹத்தாபின் குரல் வந்தது. “பந்தல்காரன் கைய விரிச்சுட்டான். கல்யாணம் கெடச்சிருச்சாம் அவனுக்கு. முற்றத்துல வெயில்ல உக்காந்தா நம்ம பிள்ளைங்க ரொட்டியா வெந்துரும்.” அடுத்து மிஸ் ரவந்த் எழுதினார்: நிழலுக்கு வழியில்லையென்றால் விழா இல்லை. சான்றிதழை அலுவலக ஜன்னலில் வாங்கிக்கொள்ளலாம்.

எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பூ இல்லை, வயிற்று வலி இல்லை. சுலாஃபிடம் சொன்னேன். “நல்லது” என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், கொல்லையில் ஆட்டுக்கு முன்னால் நின்று அதே பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்து, கடைசியில் குனிந்து வணங்கவும் செய்தாள். ஆடு மென்றுகொண்டிருந்தது.

நான் உட்கார்ந்து எழுதினேன். ‘எங்கள் தோட்டத்தில் பழைய நிழல் வலை இருக்கிறது. முற்றம் முழுக்க வரும். சுலாஃபின் அப்பாவை அனுப்பிக் கட்டச் சொல்கிறேன்.’

 பிறகு உம்மு ஹத்தாப்: “உன் வீட்டுக்காரர் நீ சொன்னாக் கேப்பாரா, உம்மு சுலாஃப்?”

‘கேட்பார்’ என்று எழுதினேன்.

“கொடுத்து வெச்சவ! என் ஆளு தூணு மாதிரி. விடிஞ்சதும் வந்து கட்டிட்டு, நாங்க வர்றதுக்குள்ள வெளிய போயிரணும்னு சொல்லு.”

அபூ மித்இப், “கிழிச்சுக்கிட்டு வந்தா உன் கூலியில கழிப்பேன்” என்று சொல்லி வலையைக் கொடுத்தார். வியாழக்கிழமை விடியலில் காவல்காரரோடு முற்றத்தில் இறங்கினேன். மூன்று மூலைக்கும் ஜன்னல் கம்பி கிடைத்தது. நாலாவது மூலையில் வெறும் மதில். வெளியே நின்ற யூகலிப்டஸ் மரத்தின் கிளைக்குக் கயிற்றை வீசி இழுத்துக் கட்டினேன். பெண்கள் வரத் தொடங்குமுன் வெளியே வந்துவிட்டேன்.

சுலாஃப் நூல் சுற்றிய ஒற்றை மல்லிகைக் கிளையோடு உள்ளே போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தேசிய கீதம் முடிந்திருக்கும், ஆற்றுப் பக்கமிருந்து சூடான காற்று கிளம்பியது. கிளை முறிந்தது. உள்ளே ஒரே கூச்சல். நான் யோசிக்கவில்லை. மரத்தில் ஏறிக் கயிற்றைப் பிடித்து முழங்கையில் சுற்றி, கவட்டையில் கால் ஊன்றி இழுத்தேன். வலை எழுந்தது. அப்போதுதான் தெரிந்தது, என் தலை மதிலுக்கு மேலே இருக்கிறது.

“ஐயையோ, ஆம்பள!” என்று யாரோ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

தலைமையாசிரியை மேலே பார்த்தார். “அபூ சுலாஃப், கட்டிட்டு இறங்கிடுங்க.”

“கட்ட எடமில்ல, டீச்சர். விட்டா வலை பிள்ளைங்க தலையில விழும்.”

உம்மு ஹத்தாப் எழுந்தார். “அவரு மதிலுக்கு வெளியிலதான இருக்காரு? மரம் பள்ளிக்கூடத்துதா?”

தலைமையாசிரியை கொஞ்சம் யோசித்தார். “இல்லை, நகராட்சியோடது.”

“அப்புறம் என்ன! ஏ அபூ சுலாஃப், மரத்தப் பாத்துக்கிட்டு இரும், எங்களப் பாக்காதேயும்!”

சிரிப்பு அடங்கியதும் விழா நடந்தது. நான் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சுலாஃபின் பெயரைக் கூப்பிடும்வரை. வலையின் பொத்தல்கள் வழியே வெயில் காசு காசாக இறங்கி, காற்று வரும்போதெல்லாம் முற்றம் முழுக்க நீந்தியது. வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் நீருக்கடியில் நிற்பதுபோல் அசைந்தார்கள். பாட்டுச் சத்தம் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் எனக்குப் பட்டது. நான் கயிற்றை இழுத்தால் எல்லோரும் ஒரு மூச்சு மேலே மிதந்து வருவார்கள், தளர்த்தினால் இறங்குவார்கள். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் மாவுக் கையோடு ஒருத்தி நிற்பதாகக்கூடத் தோன்றியது. நான் உற்றுப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாள்.

சுலாஃப் பாட்டை ஒப்பித்தாள், ஒரு இடத்திலும் தடுக்காமல். சான்றிதழை வாங்கினாள். மிஸ் ரவந்த் கை நீட்டினார். அவள் நேராக மதிலடிக்கு வந்து அண்ணாந்து நின்றாள்.

“யாபா, புடி.”

“ரெண்டு கையும் கயித்துல இருக்கு, புள்ள.”

உம்மு ஹத்தாப் ஒட்டடைக் கோலோடு வந்தார். “வழி விடுங்கடி, உம்மு சுலாஃபுக்குப் பூ போகணும்!” மல்லிகைக் கிளையைக் கோல் நுனியில் செருகி, வலையின் கிழிசல் வழியே மேலே நீட்டினார். “வாயத் தெறவும்!”

பல்லால் கவ்வினேன். கீழே எல்லாப் பிள்ளைகளும் கை தட்டினார்கள். சுலாஃப் தட்டவில்லை. இடுப்பில் கை வைத்து, முழுசாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பதில் சொல்ல வாய் காலியாக இல்லை, அது நல்லதாகப் போயிற்று.

கூட்டம் கலைந்து, வலையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தபோது கைபேசி அதிர்ந்தது. உம்மு ஹத்தாபின் குரல், பின்னால் டிராக்டர் சத்தம்.

“உம்மு சுலாஃப், பந்தல்காரனுக்குன்னு எடுத்து வெச்ச காசு அப்படியே மிச்சம். அதுல உன் நாலே முக்கால் தினாரக் கழிச்சாச்சு, கணக்கு தீந்துது. உன் வீட்டுக்காரர் கிட்டயும் சொல்லிரு.”

மல்லிகையைக் காதில் செருகிக்கொண்டு, வழியோரம் நின்று, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதினேன்: ‘சொல்லிவிட்டேன்.’