ரூனேயின் வண்டிக்கு ஓர் இடம்

அக்டோபர் பதினைந்தாம் தேதி, வருடாவருடம் கணவர் ரூனே செய்வதைப் போலவே, இங்கெலா கைபேசியைத் திறந்து, வண்டி இந்தக் குளிர்காலத்தில் ஓடாது என்று அரசாங்கப் பதிவில் குறித்துவிட்டாள். குறித்துவிட்டால் சாலை வரி நிற்கும், காப்பீட்டுப் பணமும் பாதியாகும். ஸ்வீடனின் ஹெர்னோசாண்டில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற எவரும் இதைச் செய்யாமல் இருப்பதில்லை. ஆனால் ரூனே எப்போதும் வண்டியை முதலில் கராஜுக்குள் ஏற்றிப் பூட்டிவிட்டு, அப்புறம்தான் கைபேசியை எடுப்பார். அந்த வரிசையை இங்கெலா கவனித்ததே இல்லை. இப்போது கராஜும் இல்லை.

பிப்ரவரியில் ரூனேவுக்குப் பக்கவாதம் வந்தது. ஜூனில் வீட்டை விற்றார்கள். அவர் பராமரிப்பு இல்லத்துக்குப் போனார், இவள் இரண்டறைக் குடியிருப்புக்குப் போனாள். இருநூற்று முப்பது கிலோ எடையுள்ள சிவப்பு வண்டி மட்டும் குடியிருப்பின் பின்முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. அக்டோபர் முடிவதோடு அதன் தகுதிச் சான்றும் காலாவதி. பதிவிலும் நிறுத்திவிட்டதால் அதை இனிப் பரிசோதனை நிலையத்துக்குத் தவிர வேறெங்கும் ஓட்டக்கூடாது. பரிசோதனை நிலையத்தில் கிடைத்த முதல் நாளோ நவம்பர் பத்தொன்பது. எல்லாம் சட்டப்படி சரியாகச் செய்து, சட்டப்படியே மாட்டிக்கொண்டாள்.

குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் ஸ்டூரே. எழுபத்தோரு வயது, ஓய்வுபெற்ற நில அளவையாளர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. விதிப்புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர், அவ்வளவுதான். அவர் தன் கைப்படவே ஒரு சீட்டு எழுதி, மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறையில் போட்டு, வண்டியின் கைப்பிடியில் கட்டியிருந்தார். நவம்பர் ஒன்றாம் தேதி முதல் பனி தள்ளும் டிராக்டர் வரும், முற்றம் காலியாக இருக்க வேண்டும்.

இங்கெலா சீட்டோடு போய் அவர் கதவைத் தட்டினாள்.

"கீழ சைக்கிள் அறையில ஒரு மூலை குடுங்க ஸ்டூரே. ஆறு மாசம்தான்."

"பெட்ரோல் இருக்கற வண்டி கட்டடத்துக்குள்ள வரக்கூடாது. தீயணைப்பு விதி."

"பெட்ரோலை எடுத்துடறேன்."

"டாங்கியில ஆவி இருக்குமே, அதை எப்படி எடுப்பீங்க?" என்றார். அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். "சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுங்க. நவம்பர் பதினொண்ணு கூட்டத்துல வைக்கிறேன்."

"அதுக்குள்ள டிராக்டர் வந்துடுமே!"

"வந்துடும்" என்று ஒப்புக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "வித்துடலாமே?" என்றார்.

"விக்கறதா? வித்துட்டு ரூனேகிட்ட என்னன்னு சொல்றது?"

ஸ்டூரே காபி வேண்டுமா என்று கேட்டார்.

ஒரு வாரம் தொலைபேசியிலேயே போயிற்று. மோட்டார் சைக்கிள் கடைக்காரர் குளிர்காலத்துக்கு வண்டிகளை வைத்துக்கொள்வார், பாட்டரியைக்கூட அவரே பார்த்துக்கொள்வார். நாலாயிரத்து ஐந்நூறு குரோனர் ஆகும். அந்த இடமும் ஆகஸ்டிலேயே நிரம்பிவிட்டதாம். துறைமுகத்துக் கிடங்கில் இடம் உண்டு, பூட்டு இல்லை. பூட்டில்லாத இடத்தில் காணாமல் போனால் காப்பீட்டுக்காரர்கள் ஒரு குரோனரும் தரமாட்டார்கள். சூடேற்றிய கராஜ் ஒன்று மாதம் தொள்ளாயிரம் கேட்டது. இங்கெலாவின் ஓய்வூதியம் பராமரிப்பு இல்லத்துக்கும் வாடகைக்கும் போக அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. எல்லாருமே அருமையாகப் பேசினார்கள். எங்கள் ஊரில் 'இல்லை' என்று சொல்பவர்களுக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் தொலைபேசியை வைக்க வேண்டும். இங்கெலா ஏழு முறை நன்றி சொன்னாள்.

மாலையில் ரூனேயைப் பார்க்கப் போனால் அவர் சன்னலோரம் சக்கர நாற்காலியில், இடது கையால் ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பார். வலது கை மடியில் கிடக்கும். பேச்சுக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

"பாட்டரியைக் கழட்டினியா?"

"கழட்டிட்டேன்."

"சங்கிலிக்கு எண்ணெய்?"

"போட்டாச்சு."

"எங்க நிக்குது இப்ப?"

"இடம் பாத்துக்கிட்டிருக்கேன் ரூனே."

"பாத்துக்கிட்டிருக்கியா? அப்ப இன்னும் மழையிலயா நிக்குது? நல்லாப் பாத்த போ. மே மாசம் நான் ஏறி உக்காரும்போது துரு இருந்திச்சின்னா, ஒன்னப் பின்னால ஏத்திக்க மாட்டேன்."

அந்த வலது கைக்கு இனி அசைவு திரும்பாது என்று செப்டம்பரிலேயே மருத்துவர் சொல்லிவிட்டார், இருவரையும் உட்காரவைத்துத்தான் சொன்னார். ரூனே தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, வெளியே வந்ததும், "டாக்டர் சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்" என்றார். அன்று முதல் அந்தப் பேச்சை இங்கெலா எடுக்கவில்லை. காலையில் உடற்பயிற்சிக்கு எழுப்பினால் அவர் எழுவது அந்த வண்டிக்காகத்தான். வண்டி போய்விட்டால் எதைச் சொல்லி எழுப்புவது?

வியாழக்கிழமை, பல்பொருள் அங்காடியின் விளம்பரப் பலகையில் ஒரு சீட்டைப் பார்த்தாள். மாடுகள் போன பிறகு தன் கொட்டகையைக் கேரவன்களுக்கும் படகுகளுக்கும் விடுகிற அஸ்ஸார் என்பவர் எழுதியது. கோடை வரைக்கும் ஆயிரம் குரோனர், பூட்டு உண்டு. ஊருக்கு வெளியே மூன்றரைக் கிலோமீட்டர்.

"இடம் இருக்கு" என்றார் அஸ்ஸார் தொலைபேசியில். "சனிக்கிழமை நாலு மணிக்குள்ள கொண்டாந்துடு. கதவைச் சாத்திட்டா வசந்தம் வரைக்கும் தெறக்கமாட்டேன்."

இங்கெலா அங்காடி வாசலிலேயே அழுதுவிட்டாள். அழுது முடித்த பிறகுதான், எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி வந்தது. ஓட்டக்கூடாது. அவளுக்கு ஓட்டவும் தெரியாது. பெட்ரோல் நிலையத்தில் வாடகைக்கு விடும் டிரெய்லர்கள் அந்த வார இறுதிக்கு ஒன்றுகூட மிச்சமில்லை. ஊரே படகுகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மதியம் ஒன்றரைக்கு அவள் தார்ப்பாயை உருவி மடித்து, வண்டியின் கைப்பிடியைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். அரை அடி நகர்ந்தது. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஸ்டூரே இறங்கி வந்தார். அவர் கையில் ஒளிரும் மஞ்சள் மேல்சட்டைகள் இரண்டு இருந்தன.

"ஓட்டினாத்தான் தப்பு. தள்ளிக்கிட்டுப் போனா நாம பாதசாரி" என்றார். "நேத்தே எடுத்துப் படிச்சுட்டேன்."

அறுபத்தாறு வயதும் எழுபத்தொன்றுமாக அந்த இரண்டு பாதசாரிகளும் கடலோரச் சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இங்கெலா கைப்பிடியில், ஸ்டூரே பின்னால். நூறு மீட்டருக்கு ஒருமுறை நின்றார்கள். ஒரு வேன் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்த பெண் தலையை நீட்டினாள்.

"ரிப்பேரா?"

"இல்ல, நல்லா ஓடும்" என்றாள் இங்கெலா மூச்சு வாங்க.

"அப்ப ஸ்டார்ட் பண்ணி ஓட்டிக்கிட்டுப் போறதுதானே? யாரு பாக்கப் போறா?"

"பதிவுல நிறுத்தியிருக்கே!" என்றார் ஸ்டூரே, கோயிலுக்குள் செருப்போடு வரச் சொன்னாற்போல. அந்தப் பெண் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மேட்டில்தான் உயிர் போயிற்று. பாதியில் வண்டி பின்வாங்கியது. ஸ்டூரே முழங்காலைக் கொடுத்துத் தாங்கினார். இங்கெலா பிரேக்கைப் பிடித்தபடியே நின்றாள். விட்டால் வண்டி அவர்மேல் விழும், ஏற்றவும் தெம்பில்லை. "என்னால முடியல ஸ்டூரே, என்னால முடியல" என்று சத்தமாகவே சொன்னாள். பிப்ரவரியிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது அது.

"யாராலயும் முடியாது" என்றார் ஸ்டூரே பின்னாலிருந்து. "பத்து எண்ணுவோம். அப்புறம் தள்ளுவோம்."

அஸ்ஸாரின் கொட்டகையை அடைந்தபோது நான்காக ஐந்து நிமிடம் இருந்தது. வேலைச் சட்டையும் ரப்பர் பூட்சுமாக அஸ்ஸார் வாசலில் நின்றிருந்தார். உள்ளே கேரவன்களும் படகுகளும் ஒன்றையொன்று உரசாமல் வரிசை கட்டி நின்றன. நடுவில் பின்சுவர் வரைக்கும் ஒரு சந்து. வெளியே கடைசிக் கேரவன் ஒன்று காத்திருந்தது.

"எப்ப வெளியில எடுப்ப?" என்று கேட்டார் அஸ்ஸார், அட்டையையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு.

"ஏன்?"

"முதல்ல போறது கதவுகிட்ட நிக்கும். ஜூன்ல போறது நடுவுல. மோட்டார் சைக்கிள்காரங்க மே ஒண்ணுக்கே எடுப்பாங்க, அப்படின்னா இந்தா, இங்க இடம் வச்சிருக்கேன். யாரு எடுக்க வருவா?"

"என் வீட்டுக்காரர்" என்றாள் இங்கெலா.

"மே ஒண்ணுதானே? எழுதிக்கட்டுமா?" பென்சில் அட்டையின் மேல் நின்றது. "கோச்சுக்காத, எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். போன வருஷம் ஒருத்தர் மே ஒண்ணுன்னு சொல்லிட்டு வரவே இல்ல. அவர் வண்டி வழியில நின்னு பதினாலு குடும்பம் லீவுக்குப் போக முடியாம தவிச்சுது. சாவியும் அவர்கிட்ட. அதனால உள்ளதைச் சொல்லு, போதும்."

இங்கெலா சந்தின் கடைசியைப் பார்த்தாள். பின்சுவரோரம் நாலைந்து உருவங்கள் போர்வைக்கு அடியில் நின்றன.

"அதெல்லாம் யாரோடது?"

"வருவாங்க" என்றார் அஸ்ஸார்.

"எப்ப?"

அஸ்ஸார் பிடரியைச் சொறிந்துகொண்டார். எதற்கும் ஒரு விதி வைத்திருக்கிற ஸ்டூரே, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியின் அட்டையைப் படிக்கப் போய்விட்டார்.

ரூனேயிடம் பொய் சொல்ல அவளால் முடிந்தது. தினமும் சொன்னாள். தனக்குத் தானேகூடச் சொல்லிக்கொண்டாள். ஆனால் முகம் தெரியாத பதினாலு குடும்பங்களை வாசலில் நிறுத்திவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அப்படி வளர்ந்தவள் இல்லை அவள். வேண்டுமென்றால் திட்டலாம் அந்த வளர்ப்பை, எனக்கும் திட்டத்தான் தோன்றுகிறது.

"பின்னாலயே வச்சுடுங்க" என்றாள்.

"பின்சுவர்கிட்டயா?"

"ஆமா. யாரும் வரமாட்டாங்க."

வாய்விட்டு அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். மூன்று பேருமாக வண்டியைச் சந்துக்குள் உருட்டிக்கொண்டுபோய், போர்வை போட்டவற்றுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்கள். அஸ்ஸார் அட்டையில் தேதி எழுதவில்லை. பெயர் மட்டும் எழுதிக் கட்டினார்.

வாசலுக்கு வந்தபோது கைபேசி அடித்தது.

"உள்ள போயாச்சா?" ரூனேயின் குரல் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

"போயாச்சு ரூனே. நல்ல இடம். காய்ஞ்ச தரை, பெரிய பூட்டு."

"அப்பாடா!" நீளமாக மூச்சு விட்டார். "எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல தெரியுமா. நீ கெட்டிக்காரிடி. எங்க விட்டிருக்க, கதவோரம்தானே? இந்தக் கொட்டகைக்காரங்க சமாச்சாரம் எனக்குத் தெரியும். உள்ள தள்ளிட்டானுங்கன்னா மே ஒண்ணாந்தேதி நாம மத்தவன் போறதைப் பாத்துக்கிட்டு நிக்கணும்."

ஸ்டூரேவும் அஸ்ஸாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கதவை ஒட்டித்தான்" என்றாள் இங்கெலா. "நாமதான் முதல்ல."

"நாளைக்குப் பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்காங்க. எட்டு மணிக்கே வந்துடு."

"வந்துடறேன்."

மணி நாலேகால். வெளியே நின்ற கேரவனை உருட்டி அந்தச் சந்தை அடைத்தால்தான் கதவைச் சாத்த முடியும். அஸ்ஸார் ஒரு பக்கம் பிடித்தார், ஸ்டூரே மறுபக்கம் பிடித்தார். அசையவில்லை. அவளைக் கூப்பிட இருவருக்கும் வாய் வரவில்லை. இங்கெலா கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, பின்னால் போய்த் தோள் கொடுத்துத் தள்ளினாள்.