மாலை போட்ட இரண்டு படங்கள்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவள் கம்சலா. பதுளையிலிருந்து நமுனுகுல போகும் பஸ்ஸில் தன் மெக்சிகோ அண்ணி லூப்பேயைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, பெயரையெல்லாம் மாற்றிவிடச் சொன்னாள். ஒன்றை மட்டும் மாற்றவில்லை. எதை என்று சொல்லமாட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'பெருங்கடல்களைக் கடந்து வந்த ஒரு பெண்மனம், தன் வேர்களைத் தேடி'

(வேண்டாம். இலக்கிய விழாவில் வாசிக்கத்தான் இது நன்றாயிருக்கும். லூப்பேயின் கவலை வேரல்ல, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் வெந்நீர் கிடையாது என்பதுதான்.)

இரண்டாம் தொடக்கம்: கம்சலாவின் அண்ணன் கிரிஷாந்தன் கப்பல் சமையலறையில் லூப்பேயைச் சந்தித்து, பதிவுத் திருமணம் முடித்துக் கூட்டி வந்தான். அம்மா பெரியாயிக்கு அது கல்யாணமே இல்லை. தையில் கோயிலில் தாலி ஏறும்வரை லூப்பே 'அந்தப் புள்ள'தான். கோயில் தர்மகர்த்தா ராமாமிர்தம், பெரியாயிக்கு ஒன்றுவிட்ட அண்ணன், பதுளையில் புடவைக்கடை முதலாளி. தீபாவளிக்கு வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வாராம்.

3

தீபாவளிக்குச் செத்தவர்களுக்குப் படையல் என்றதும் லூப்பேக்கு முகம் மலர்ந்தது. அவள் ஊரிலும் ஏறக்குறைய இதே நாட்களில், போனவர்களுக்குப் பிடித்ததை வைத்துச் செவ்வந்தி தூவுவார்கள். வந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த முதல் வேலை.

மாலை போட்ட படம் என்றால் ஆள் இல்லை என்பதையும் கற்றிருந்தாள். சுவரில் இரண்டு இருந்தன. ஒன்று மாமனார் அழகையா. மற்றது, ஏதோ சங்கம் கொடுத்த கௌரவப் பட்டம் கிடைத்த சந்தோஷத்தில் சந்தனமாலையோடு சட்டம் போட்டு உறவுக்கெல்லாம் தானே அனுப்பியிருந்த ராமாமிர்தம்.*

இரண்டாவது படத்தைக் காட்டி, இவருக்கு என்ன பிடிக்கும் என்று கிரிஷாந்தனைக் கேட்டாள். விருந்துக்குக் கேட்கிறாளாக்கும் என்று, கோயிலில் சைவம் போதிக்கும் மாமாவைப் பற்றி அவன் உண்மையைச் சொல்லித் தொலைத்தான்.

* இதில் தப்பில்லை. அடுத்தவர் மாலை போடும்வரை காத்திருக்க எல்லோராலும் முடியுமா?

4

பட்டுவேட்டி சரசரக்க ராமாமிர்தம் நுழைந்தார். அவர் படத்தின் முன்னால் செவ்வந்தி, ஆட்டுக்கறிப் பிரட்டல், அரைப்போத்தல் சாராயம், ஊதுபத்தி.

லூப்பே படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பயப்படவில்லை. கைகூப்பினாள்.

"வாங்க. எங்க ஊர்ல யாரும் இப்படி நேர்ல வந்ததில்ல."

"யார் செஞ்ச வேல இது?" என்றார் அவர்.

கிரிஷாந்தன் தரையைப் பார்த்தான். பெரியாயிதான் முன்னால் வந்தார்.

"எங்க மருமக. ஒங்களுக்குப் புடிச்சது எதுவும் விட்டுப்போச்சாண்ணே?"

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் கோபித்துப் போகிறார், தாலி லயத்து வாசலிலேயே ஏறுகிறது. இன்னொன்றில் மனம் திருந்துகிறார். (அவரைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.) மூன்றாவதில் அவர் மெல்லக் கறித்தட்டின் பக்கம்…

மிச்சம் உங்கள் பொறுப்பு. வாயில் கறியை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்துக்கு மாட்டேன் என்று சொல்வது கஷ்டம். ஆனால் நீங்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். ஆள் பார்த்தால் அவர் சாப்பிடமாட்டார்.