துண்டு போட்ட இடம்

சாந்திபுரத்துச் சின்னப்பனுக்கு விமானம்தான் புதிது, இடம் பிடிப்பது புதிதல்ல. ஜன்னல் வழியாகத் துண்டை வீசி அவர் சீட்டுப் பிடிக்காத பஸ் அந்தப் பக்கத்தில் ஓடவில்லை. துண்டு விழுந்த சீட்டில் கலெக்டரே வந்தாலும் உட்கார மாட்டார்.

திருப்பதிக்குப் பக்கத்து ரேணிகுண்டா விமான நிலையத்துக்கு அன்று காலை வந்த முதல் ஆள் அவர்தான். கவுன்டர் இன்னும் திறக்கவில்லை. முழங்கால் வலித்தது. வரிசை தொடங்கும் இடத்தில் பையை வைத்து, அதன்மேல் துண்டைப் போட்டுவிட்டு, நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்தார்.

டிக்கெட் மகன் தமிழரசு எடுத்து அனுப்பியது. ஐதராபாத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், இன்று ராத்திரி அமெரிக்கா புறப்படுகிறான். திரும்பி வர மூன்று வருஷம் ஆகும். தாயில்லாப் பிள்ளை. போவதற்குமுன் ஒரு தடவை கண்ணாரப் பார்த்துவிட வேண்டும், சின்னப்பனுக்கு அவ்வளவுதான்.

கவுன்டர் திறந்தது. வந்தவர்களெல்லாம் பையைச் சுற்றிக் கடந்து முன்னால் போனார்கள். வேறு விமானத்துக்குப் போகிறவர்கள் போலிருக்கிறது என்று அவர் பெரிய மனசோடு பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கரைந்த பிறகுதான் எழுந்து போனார்.

கவுன்டரில் இருந்த அகிலா, நகரி ஊர்த் தமிழ்ப் பெண். கம்ப்யூட்டரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அய்யா, சீட் இல்ல. ஃபுல் ஆயிடுச்சு. கடைசியா வந்தது நீங்கதான்."

"நான் கடைசியா? கதவு தொறந்த ஒடனே வந்து துண்டு போட்டுட்டு உக்காந்துக்கினு இருக்கறேன். டிக்கெட்டு இருக்குது பாரு."

"டிக்கெட் சரிதான்யா. சில பேர் வராம போயிடுவாங்கன்னு கம்பெனில ரெண்டு மூணு டிக்கெட் ஜாஸ்தி விக்கறாங்க. இன்னிக்கு எல்லாரும் வந்துட்டாங்க."

"வராதவன நம்பி வித்துட்டு, வந்தவன நிறுத்திட்டீங்களே. இது நாயமா கண்ணு?"

அகிலா தலை குனிந்துகொண்டாள். "நாளைக்கு இதே பிளைட்ல ஜன்னல் சீட் தர்றேன்யா. இப்ப சாப்பாட்டுக்குக் கூப்பன் இருக்குது."

"நாளைக்கு அங்க எம் புள்ள இருக்க மாட்டாம்மா."

ஐதராபாத்துக்கு அன்று வேறு விமானம் இல்லை. ரயிலோ பஸ்ஸோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அவன் புறப்பட்டிருப்பான். சின்னப்பன் வெளியே வந்து மகனுக்குப் போன் போட்டார்.

"இன்னா நைனா, ஏறிட்டியா?"

"சீட்டு இல்லன்னுட்டாங்கப்பா."

தமிழரசு, "சாப்ட்டியா நைனா?" என்று மட்டும் கேட்டான்.

"துன்னுட்டேன்" என்று பொய் சொன்னார். போனை வைத்தபின் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரிடம் போய் அழுவது?

ஊர் திரும்பத் திருப்பதி வந்தார். அங்கே சித்தூர் பஸ் காலியாக நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்தவர், பக்கத்துச் சீட்டில் துண்டைப் போட்டார். சந்திரகிரியில் கூட்டம் நெருக்கியடித்து ஏறியது.

"யாருனா வர்றாங்களா பெத்தாயனா?" என்று கண்டக்டர் பெரியவரிடம் துண்டைக் காட்டிக் கேட்டார்.

"எம் புள்ள வர்றான்."

கண்டக்டர் அடுத்தவருக்கு டிக்கெட் கிழிக்கப் போனார். சித்தூர்வரை எத்தனையோ பேர் நின்றுகொண்டே வந்தார்கள். அந்தத் துண்டை ஒருவரும் தொடவில்லை.