ஆக்ஸிலேட்டரை விட்டால் வரும் சத்தம்

எங்கள் பட்டறையில் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுகிறவர் அத்தான் ஒருவர்தான். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். வண்டி வாசலில் வந்து நிற்பதற்குள், "இடது பக்கம் பின்சக்கர பேரிங் போயிருக்கு" என்று உள்ளே இருந்தபடியே சொல்வார். கழற்றிப் பார்த்தால் போயிருக்கும். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பெயரே 'காது'. அவரிடம் நான் பத்தொன்பது வருடங்களாக இருக்கிறேன். கழற்றுவதும் மாட்டுவதும் என் வேலை. கேட்பது அவர் வேலை.

அந்தக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது என்று எனக்கு முதலில் சொன்னது அக்காதான். "துணி துவைக்கிற மெஷின் முடிஞ்சு கீகீன்னு கத்துதுடா. பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்கார்" என்றாள். அவரிடமே ஒருமுறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். "பொண்டாட்டி பேசறது காதுல விழலன்னா அது வியாதி இல்லடி, வரம்" என்று சிரித்துவிட்டாராம். அதற்குப் பிறகு நானும் கவனித்தேன். காற்றுக் குழாய் ஓட்டையாகி அவர் காலடியிலேயே உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. அவர் தாண்டிப் போனார். கனத்த சத்தம் எல்லாம் கேட்டது. மெல்லிய, கூர்மையான சத்தம்தான் அவரை விட்டுப் போயிருந்தது. முப்பது வருடக் கிரைண்டரும் சம்மட்டியும் அதைத் தின்றுவிட்டன. அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்கும் துணிச்சல் இல்லை, அக்காவுக்கும் இல்லை.

அந்த நிலையில்தான் பல் டாக்டர் வந்தார். நாற்பது வயதிருக்கும். இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார், சிவப்பு. கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தியே பல வருடங்கள் ஆகின்றன. முதன்முதலாகச் சொந்தக் காசில் வாங்கிய வண்டி என்பதால் வேறு யாரையும் அதைக் கழுவக்கூட விடமாட்டார்.

"வாங்க டாக்டரம்மா. வண்டிக்குப் பல்வலியா?" என்றார் அத்தான்.

"பின்னாலேர்ந்து ஒரு சத்தம்ண்ணா. அறுபதுல போய்ட்டு ஆக்ஸிலேட்டரை விட்டா உய்ய்னு வருது. மறுபடி மிதிச்சா நின்னுடுது."

அத்தான் அவரோடு ஒரு சுற்றுப் போய்வந்தார். இறங்கும்போதே, "டயர்மா. ரொம்ப நாளா நின்ன வண்டி, டயர் இறுகிப்போச்சு. மாத்திடுங்க, சரியாயிடும்" என்றார்.

டாக்டருக்கு மனம் ஒப்பவில்லை. என்னைப் பார்த்து, "நீங்களும் ஒரு தடவை கேட்டுடுங்களேன்" என்றார்.

போனேன். கடைவீதியைத் தாண்டி அகலமான சாலைக்கு வந்ததும் அறுபதைத் தொட்டார். காலை எடுத்தார். முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்லிய ஊளை ஒன்று கிளம்பியது. மிதித்ததும் அடங்கியது. தார் போய்ச் சிமெண்டுச் சாலை வந்தது, சத்தம் மாறவில்லை. டயராக இருந்தால் மாறியிருக்கும். வளைவில் இடமும் வலமும் ஒடித்துப் பார்க்கச் சொன்னேன், அப்போதும் மாறவில்லை. ஆகவே சக்கர பேரிங்கும் இல்லை. இன்ஜினிலிருந்து வரும் நீளமான தண்டின் சுழற்சியை வாங்கிப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துத் தருகிற பெட்டிதான் டிஃபரென்ஷியல். அதன் வாயில் பினியன் என்று ஒரு சின்னப் பல்சக்கரம் உண்டு. அதைப் பிடித்திருக்கும் பேரிங் தளர்ந்தால்தான், காலை எடுக்கும்போது இப்படி அழும். அன்றே கழற்றியிருந்தால் பேரிங்கை மாற்றி, நட்டை இறுக்கி, இரண்டு நாளில் அனுப்பியிருக்கலாம்.

திரும்பி வந்தபோது பட்டறையில் மூன்று வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"என்ன மச்சான், டயர்தானே?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை.

"ஆமா அத்தான்" என்றேன்.

மறுநாள் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் வேலை அதிகம். அதற்கடுத்த நாள், அத்தானுக்குத் தெரியாமல் எப்படி என்று தயங்கினேன். ஒரு வாரம் போனது. பிறகு, ஒருவேளை டாக்டர் வேறு எங்காவது காட்டியிருப்பார் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஆறாவது வாரம், ஒரு மத்தியான வேளையில், அந்தச் சிவப்பு வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முன்பக்கம் நசுங்கியிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டனவாம். வண்டி சுற்றிப்போய்ச் சாலை நடுத்தடுப்பில் மோதியிருக்கிறது. "அந்தம்மா உயிருக்கு ஒண்ணும் இல்ல. வலது கைதான், மணிக்கட்டு நொறுங்கிப்போச்சு" என்றார் லாரிக்காரர். நான்கு டயரும் புத்தம் புதிதாக இருந்தன.

அன்று சாயங்காலத்துக்குள் டிஃபரென்ஷியலை இறக்கினோம். எண்ணெயை வடித்தபோது வெள்ளிப் பெயிண்ட் மாதிரி மினுங்கிக்கொண்டு விழுந்தது, அத்தனையும் இரும்புத்தூள். பினியன் நட்டு கைவிரலாலேயே சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. பேரிங் உடைந்து, அதன் உருளை ஒன்று பற்களுக்கிடையே சிக்கியிருந்தது. அத்தான் அந்த உருளையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒரே நாள்ல வந்ததில்ல மச்சான். மாசக்கணக்கா கத்தியிருக்கு." என் பக்கம் திரும்பினார். "நீயும்தானே போன. உனக்குக் கேக்கலயா?"

"கேட்டுச்சு அத்தான்."

"அப்புறம் ஏன் ஆமான்னு சொன்ன?"

எண்ணெய் வடித்த தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"எனக்குக் கேக்காதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"உங்க அக்காவுக்கு?"

"அக்காதான் எனக்கே சொன்னாங்க."

உருளையை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "மூணு பேர் முன்னாடி அவமானப்படுவேன்னு நெனச்சியாக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் இருவரும் டாக்டரின் கிளினிக்குக்குப் போனோம். அவருடைய வலது கையில் முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. நோயாளி நாற்காலியில் இருந்த யாருக்கோ வேறொரு டாக்டர் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். மெல்லிய ஊளைச் சத்தம் அறையெங்கும் பரவியிருந்தது. அத்தான் தலை குனிந்தபடி, "தப்பு என்னோடதும்மா. எனக்குக் காது சரியில்ல. தெரியாம டயருன்னு சொல்லிட்டேன்" என்றார்.

டாக்டர் கோபப்படவில்லை. "டயர் மாத்தின பிறகும் கேட்டுது. நாள் முழுக்க இந்த மெஷின் சத்தத்துல இருக்கேன்ல, அதுதான் கூடவே வருதுன்னு நெனச்சேன். எனக்குத்தான் காது கெட்டுப்போச்சுன்னு டாக்டர்கிட்டகூடப் போயிட்டு வந்தேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அவருக்குக் கேக்கல, சரி. உங்களுக்கு?"

"அவனுக்கும்..." என்று அத்தான் தொடங்கினார்.

"எனக்குக் கேட்டுச்சு டாக்டர்" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். கட்டுப்போட்ட கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "சரி, நீங்க கிளம்புங்க" என்றார்.

அந்த வண்டியில் சேதமான பல்சக்கரங்களுக்கு மாற்று எங்கேயும் கிடைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து டாக்டர் ஆள் அனுப்பி அதை வேறிடத்துக்கு எடுத்துப் போனார். அவருடைய விரல்கள் மடங்குகின்றன, ஆனால் கருவியைப் பிடிக்கிற அளவுக்கு இறுக்கம் வரவில்லை என்று யாரோ சொன்னார்கள். நேரில் போய் விசாரிக்க எனக்கு முகமில்லை.

அத்தான் காதுக்குக் கருவி வாங்கி மாட்டிக்கொண்டார். பட்டறையில் கிரைண்டர் ஓடினால் மண்டைக்குள் இடி இடிக்கிறது என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். சத்தம் என்று வருகிற வண்டிகளை இப்போது என்னிடம் தள்ளிவிடுகிறார். நான் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னால், "நல்லாக் கேட்டியா?" என்று ஒரு தடவை, "மறுபடி போய்க் கேட்டுட்டு வா" என்று இன்னொரு தடவை. நானும் போகிறேன். வேலையைப் பற்றித் தவிர அவர் என்னிடம் வேறெதுவும் பேசுவதில்லை. வீட்டில் அக்காவிடமும் அப்படித்தானாம்.